கருவியை இனங்காணுதல்: காலி வீதியில் ஒரு தொழிலின் சரித்திரம்

கொழும்பு மாநகரத்தின் தென்புறத்தில், பம்பலப்பிட்டி முதல் தெகிவளை எல்லை வரைக்கும் கடலுக்குச் சமாந்தரமாகச் செல்லுகின்ற காலி வீதியையும் அதன் இருமருங்கும் பிரிகின்ற ஒழுங்கைகளையும் அறிந்தவர்களுக்கு, வெள்ளவத்தை என்னும் பகுதி ஈழத்துத் தமிழரின் வாழ்வில் வகிக்கும் ஸ்தானத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்குள்ள புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும், சைவ உணவகங்களும் லொட்ஜுகளும், ஆலயங்களும் கலியாண மண்டபங்களும் பலராலும் பலகாலும் பேசப்பட்டவை. ஆயினும் அதே வீதியில், போட்டோக் கொப்பிக் கடையின் பின்பக்கத்திலும், மாடிப்படியின் கீழுள்ள ஒடுங்கிய இடத்திலும் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, திறந்து வைத்த கணினிப் பெட்டிக்குள் குனிந்தவண்ணம் சிலர் செய்துவருகின்ற தொழிலுக்கும் ஏறக்குறைய நாற்பதாண்டுச் சரித்திரம் உண்டென்பதை நினைப்பவர் மிகச் சிலரே. கணினி திருத்துவோரின் அத்தொழிலில் மிகுந்த நுட்பத்தை வேண்டி நிற்கும் பகுதி ஒன்றுண்டு. தன்னோடு இணைக்கப்பட்ட கருவியை வேறொரு கருவியென்று மயங்கிக்கொண்ட கணினியைத் தெளிவிக்கும் வித்தையே அது. அதன் வரலாற்றை ஒருவாறு தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கோளாறு ஏனைய கோளாறுகளைப் போன்றதன்று. மின்விசிறி நின்றுவிட்டால் அதன் மோட்டார் பழுதுபட்டிருக்கும். வானொலி ஊமையானால் அதன் உள்ளுறுப்புகளுள் ஒன்று செத்திருக்கும். ஆனால் அச்சுப்பொறி பூரண ஆரோக்கியத்தோடு இருக்க, கணினியும் குறையின்றி இயங்க, இரண்டையும் பிணைத்த மாத்திரத்தில் ஒன்றும் நடவாமற்போவதோ, நடக்கக்கூடாதது நடப்பதோ இதன் இயல்பாகும். பழுது இரண்டு யந்திரங்களுள் எதிலும் இல்லை; ஒன்றைப் பற்றி மற்றொன்று கொண்டிருக்கும் அறிவிலே இருக்கின்றது. இதனை உணராதவர்கள் எத்தனையோ நல்ல கருவிகளைப் பழுதானவையென்று குப்பையிலே போட்டிருக்கின்றார்கள். உணர்ந்தவர்களோ, கருவி தன்னைப் பற்றி என்ன சொல்லுகின்றது, கணினி அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கின்றது, உண்மையில் அக்கருவி யாது என்னும் மூன்று வினாக்களையும் வேறுவேறாக எழுப்பி, அவற்றின் விடைகள் எவ்விடத்தில் முரண்படுகின்றன என்று தேடினார்கள். கடந்த நாற்பதாண்டுகளில் கணினிகள் பலவாறு மாறிவிட்டன; இம்மூன்று வினாக்களும் மாறவில்லை.

இலங்கையில் கணினிகள் 1960களின் பிற்பகுதியிலேயே அரச கூட்டுத்தாபனங்களில் வந்திறங்கிவிட்டனவெனினும், அவை குளிரூட்டப்பட்ட அறைகளில் தனி உத்தியோகத்தர்களின் பராமரிப்பில் இருந்தனவாதலால், தெருவோரத் தொழிலாளருக்கும் அவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், 1981 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை வெளியிட்டதும் ஆகிய இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்தே இத்தொழிலுக்கு வித்திட்டன. அந்த ஐ.பி.எம். கணினியின் அமைப்பு மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டிருந்தமையால், தாய்வானிலும் ஏனைய தேசங்களிலும் அதற்கு ஒப்பான பெட்டிகள் மலிவாக உற்பத்தியாயின. அவற்றின் பாகங்களை வெவ்வேறாக வரவழைத்து இங்கேயே பூட்டி விற்கவும் இயன்றது. 1984இல் அரசாங்கம் சின்டெக் எனப்படும் கணினி, தகவல் தொழில்நுட்பப் பேரவையை நிறுவியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முன்னின்று கணினிக் கல்வியை வளர்த்தார். பட்டம் பெற்றவர்கள் ஒருபுறமாக இத்துறையில் பிரவேசிக்க, மறுபுறமாக வானொலியும் தொலைக்காட்சியும் தட்டச்சுப் பொறியும் திருத்திப் பழகிய கைகளும் ஈயப்பற்றுக் கோலோடு இதனுள் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா தேசத்தில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தளித்த காலந்தொட்டு, யந்திரத்தைத் தமிழுக்கு இசைவிக்கும் முயற்சி இம்மக்களுக்குப் பழக்கமான ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றது.

அந்த முதற் காலத்தில், கணினி எந்தக் கருவியையும் தானாக இனங்காணும் சக்தி உடையதாயிருக்கவில்லை. இன்ன கருவி இன்ன இடத்தில் இருக்கின்றதென்று மனிதனே அதற்கு அறிவித்தாக வேண்டும். பெட்டிக்குள் செருகப்படும் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு முகவரியும், யந்திரத்தின் கவனத்தைத் தன்பால் ஈர்ப்பதற்கு ஒரு தனி இலக்கமும் வேண்டியிருந்தன. இரண்டு ஊசிகளை இணைக்கும் ஜம்பர் என்னும் கடுகளவான கறுப்புத் துண்டுகளை இடம் மாற்றி மாற்றியே இவை நிர்ணயிக்கப்பட்டன. போர்ட் எனப்படும் இணைப்பு வாசல்களுள் முதலாவது தொடர் போர்ட்டுக்கு 4, இரண்டாவதற்கு 3, அச்சுப்பொறி போர்ட்டுக்கு 7 என்றவாறு கவன இலக்கங்கள் வழக்கத்தில் நிலைபெற்றிருந்தன. தொடக்கக் கணினியில் இத்தகைய இலக்கங்கள் 8 மாத்திரமே. 1984இல் வந்த ஏ.ரி. வகையில் அவை 15 ஆகப் பெருகிய பின்னரும் தட்டுப்பாடு நீங்கியபாடில்லை. ஒலியட்டையொன்றைப் புதிதாகப் பூட்டி, அதற்கும் 7ஆம் இலக்கத்தையே கொடுத்துவிட்டால், ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்கு ஒரே இலக்கம் இருக்கும்போது தபாற்காரர் படும் பாட்டைக் கணினியும் பட்டது. பாட்டு ஒலிக்கும்போது அச்சு நின்றுவிடும். அச்சிடும்போது பாட்டு விக்கும்.

ஆதலின் அக்காலத்துத் திருத்துநர் ஒவ்வொருவரிடமும் ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. எந்த வாடிக்கையாளரின் பெட்டியில் எந்த அட்டைக்கு எந்த இலக்கம் கொடுக்கப்பட்டது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். அட்டையோடு வந்த துண்டுப் பிரசுரம் தொலைந்துபோனால், ஜம்பர்களின் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. பொறுமையே அக்காலத்தின் தலையாய உபகரணம் என்று சொல்லலாம்.

மவுஸ் என்னும் சுட்டியின் கதையும் இதே காலத்தைச் சேர்ந்தது. தொடர் போர்ட்டில் இணைக்கப்பட்ட அச்சுட்டிகளுள் இரண்டு வேறு பாஷைகள் வழங்கின: ஒன்று மைக்ரோசொப்ட் முறை, மற்றையது மூன்று பொத்தான்கள் உடைய மவுஸ் சிஸ்டம்ஸ் முறை. மலிவு விலைச் சுட்டிகள் பலவற்றின் அடிப்புறத்தில், இவ்விரண்டினுள் எதைப் பேசுவதென்று தீர்மானிக்கும் சிறிய ஆளியொன்று இருந்தது. மேசையைத் துடைக்கும்போது விரல் பட்டு அவ்வாளி நகர்ந்துவிட்டால், நேற்று வரையில் ஒழுங்காக ஓடிய அம்புக்குறி இன்று திரை முழுதும் தாறுமாறாகப் பாயும். சுட்டியைக் கவிழ்த்துப் பார்த்து அவ்வாளியை நகத்தால் தள்ளிவிட்டுக் கூலி வாங்க மறுத்த திருத்துநர்களும் இருந்தார்கள். அறிவுக்குரிய கூலியென்று நியாயமாகப் பெற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

தமிழருக்கே உரிய தொல்லையொன்று அச்சுப்பொறியில் விளைந்தது. அந்நாளில் கடைகளிலும் காரியாலயங்களிலும் பெருவழக்காயிருந்தவை எப்சன் முதலான நிறுவனங்களின் புள்ளி அச்சுப்பொறிகள். அவற்றுள் 9 ஊசிகள் கொண்டவையும் 24 ஊசிகள் கொண்டவையும் என இரு சாதிகள் உண்டு. ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் அச்சுப்பொறியின் உள்ளேயே பதிந்திருந்தமையால், கணினி எழுத்தின் இலக்கத்தை அனுப்பினாற் போதும். எழுத்து தானாக விழும். தமிழெழுத்துக்கு அத்தகைய இருப்பிடம் அங்கே இல்லாமையால், ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிப் புள்ளியாகப் படமாக்கியே அனுப்ப வேண்டியிருந்தது. 9 ஊசிப் பொறியை 24 ஊசிப் பொறியென்று கணினி கொண்டுவிட்டால், நிரல் ஒன்றுக்கு ஒரு கூறாக வரவேண்டிய புள்ளிகள் மும்மூன்று கூறுகளாக வந்து குவியும். பொறி அவற்றைப் படமென்று அறியாமல், விசித்திரமான குறிகளாகத் தாள் தாளாய் அடித்துத் தள்ளும். இதில் விசேஷம் யாதெனில், ஆங்கிலக் கடிதம் அப்பொழுதும் சரியாகவே வரும் என்பதாகும். ஆங்கிலத்தில் மாத்திரம் கருமமாற்றிய காரியாலயம் இக்கோளாற்றை அறியாமலே வருஷக்கணக்காக இருந்திருக்கக்கூடும். தமிழில் பற்றுச்சீட்டோ அழைப்பிதழோ அச்சிட முயன்றவர்தாம் அதனை முதலிற் கண்டார்.

இத்தகைய தருணத்தில் அனுபவசாலி ஒருவர் கணினியின் பக்கமே போகமாட்டார். அச்சுப்பொறியின் கேபிளை முதலிற் கழற்றுவார். தாளை நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரத்தைக் கொடுப்பார். பொறி தன்னந்தனியாகத் தன் எழுத்துகளை வரிசை வரிசையாக அடித்துக் காட்டும். அது செவ்வையாக விழுந்தால் பொறியில் குற்றமில்லை என்பது நிச்சயமாயிற்று. அதன் பின்னரே கணினியில் கருவியை நடத்தும் டிரைவர் என்னும் மென்பொருள் எந்தப் பெயரோடு அமர்ந்திருக்கின்றதென்று பார்ப்பார். குற்றமற்றதை முதலில் விலக்கிவிட்டுக் குற்றத்தை நோக்கி நடக்கும் இந்த ஒழுங்கு, இத்தொழிலின் அடிப்படைத் தருமமாகும்.

1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையின் தமிழ் வீடுகளும் கடைகளும் எரிந்ததையும், பலர் தேசத்தை விட்டே வெளியேறியதையும் இச்சரித்திரம் கடந்து செல்ல முடியாது. பின்னர் வடக்கில் யுத்தம் மூண்டு, 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாதொழிந்தபோது, அங்கிருந்து கல்விக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் உயிர்ப் பாதுகாப்புக்காகவும் வந்தவர்களால் வெள்ளவத்தை மீண்டும் நிறைந்தது. புலம்பெயர்ந்த பிள்ளைகளோடு பேசுவதற்கு மக்கள் நாடிய இடம் கொமியூனிகேஷன் என்று எல்லோராலும் சொல்லப்பட்ட சிறு கடை. அக்கடை தொலைபேசிக் கூண்டுகளோடு தொடங்கி, பக்ஸ் இயந்திரத்தைச் சேர்த்துக்கொண்டு, காலக்கிரமத்தில் கணினிகளையும் வரிசையாக வைத்தது. கணினி இங்கே வெறும் கணக்குக் கருவியாக இருக்கவில்லை. ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருந்த மகனுக்கும் இங்கே லொட்ஜ் அறையில் இருந்த தாய்க்கும் இடையிலான வழியாக இருந்தது. ஆகையால் அதனோடு இணைந்த கருவியொன்று இனங்காணப்படாமற்போவது, ஒரு குடும்பத்தின் அந்த வாரத்துப் பேச்சே அற்றுப்போவதற்குச் சமமாயிற்று. இத்தொழிலாளர்களுக்கு அக்காலத்தில் மக்கள் அளித்த மரியாதைக்கு இதுவே காரணம்.

அதே காலத்தில், நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த இத்தீவில் 1996இல் வரட்சி வந்து, நாள்தோறும் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு அமுலாயிற்று. 2001இலும் அந்நிலை திரும்பியது. கணினி வைத்திருந்தோர் யாவரும் யு.பி.எஸ். எனப்படும் மின்சேமிப்புப் பெட்டியை வாங்கி வைத்தனர். அதன் வரவால் உண்டான மயக்கம், இக்கோளாற்றின் சரித்திரத்திலேயே மிகவும் படிப்பினை நிறைந்ததாகும்.

அதற்குச் சற்று முன்னர் உலகத்தில் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டிருந்தது. கருவிகளை மனிதன் அறிமுகம் செய்யும் சிரமத்தை ஒழித்து, கணினியே அவற்றை வினவி அறிந்துகொள்ள வேண்டுமென்ற கருத்தோடு, இன்டெல், மைக்ரோசொப்ட் முதலிய நிறுவனங்கள் 1993இல் பிளக் அன்ட் பிளே என்னும் விதிமுறையை வெளியிட்டன. 1995 ஆகஸ்ட் 24ஆம் திகதி வெளியான விண்டோஸ் 95 அம்முறையை உலகெங்கும் பரப்பியது. புதிய அட்டைகள் தம் உற்பத்தியாளர் குறியையும் இலக்கத்தையும் தாமே சொல்லும் திறமை பெற்றிருந்தன. ஆனால் பழைய போர்ட்டுகளும் பழைய கருவிகளும் வாய் திறந்து பேச அறியாதவை. ஆகவே கணினி அவற்றைத் தட்டிப் பார்த்து, வந்த ஓசையைக் கொண்டு ஊகிக்க வேண்டியதாயிற்று. ஊகம் உள்ள இடத்தில் மயக்கமும் உண்டு.

தொடர் போர்ட்டில் சுட்டி இருக்கின்றதா என்பதை அறிய, கணினி அப்போர்ட்டின் மின்கோடொன்றை இறக்கி ஏற்றும். சுட்டி இருந்தால், ஆங்கில எம் எழுத்துக்குரிய குறியை மறுமொழியாக அனுப்பும். இப்பொழுது அப்போர்ட்டில் யு.பி.எஸ். பெட்டி பூட்டப்பட்டிருக்கின்றதென வைத்துக்கொள்வோம். தன்பாட்டில் மின்னழுத்தத்தைப் பற்றியும் பற்றரியைப் பற்றியும் அது அனுப்பும் செய்திகளைச் சில வேளைகளில் கணினி சுட்டியின் மறுமொழியென்று கொண்டுவிடும். கொண்டதும், அப்பெட்டி அனுப்பும் ஒவ்வோர் இலக்கமும் கை அசைவாகவே கருதப்பட்டு, அம்புக்குறி ஒருவரும் தொடாமலே திரையில் துள்ளிக் குதிக்கும், கோப்புகள் தாமாகத் திறக்கும், மெனுக்கள் விரியும்.

“தம்பி, மவுசுக்குப் பேய் பிடிச்ச மாதிரிக் கிடக்கு, புதுசு வாங்கியும் அப்பிடித்தான்” என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் முறையிட, “அண்ணை, யு.பி.எஸ்ஸிலயிருந்து பின்னுக்கு வாற வயரைக் கழட்டிப்போட்டு ஒருக்கா ஓன் பண்ணிப் பாருங்கோ” என்று மறுமுனை சொல்லுகின்ற இத்தகைய சம்பாஷணையே அக்காலத்து மேதாவிலாசத்தின் அடையாளம். வயரைக் கழற்றியதும் பேய் ஓடிவிடும். நிரந்தரப் பரிகாரம் வேறு. விண்டோஸ் 2000இலும் எக்ஸ்.பி.யிலும், டிவைஸ் மனேஜர் என்னும் பட்டியலில் மைக்ரோசொப்ட் சீரியல் போல்பொயின்ட் என்றொரு பெயர் வந்து நிற்கும். அப்பெயருடைய கருவி அந்த வீட்டில் ஒருபோதும் இருந்திருக்காது. அதனை நீக்கினால் அடுத்த முறை கணினி எழும்போது அது திரும்பவும் முளைக்கும். நீக்காமல், செயலற்றதாக்கி விடவேண்டும். அதாவது, கணினியின் தப்பபிப்பிராயத்தை அழிக்க முயலாமல், அதற்கு அதிகாரம் இல்லாமற் செய்யவேண்டும். விண்டோஸ் என்.ரி. என்னும் முறையில் இதன் மறுதலையும் நிகழ்ந்தது: சுட்டியைத் தேடிய கணினி அனுப்பிய சைகையை, நின்றுவிடு என்ற கட்டளையாக யு.பி.எஸ். விளங்கிக்கொண்டு மின்சாரத்தையே நிறுத்திவிடும். தொடர் போர்ட்டில் சுட்டியைத் தேடாதே என்று தொடக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பதே அதற்குப் பரிகாரம்.

வட்டச் செருகியுடைய சுட்டிகளுக்கு நடுவிற் சக்கரம் வந்தபோதும் இத்தகையதொரு வினாவிடை அமைந்தது. பழைய கணினிகள் குழம்பிவிடாதிருக்கும் பொருட்டு, சக்கரச் சுட்டியும் முதலில் தன்னைச் சாதாரணச் சுட்டியென்றே காட்டிக்கொள்ளும். கணினி 200, 100, 80 என்னும் மூன்று வேகங்களை அந்த ஒழுங்கிலே கட்டளையிட்டு, அதன்பின் நீ யாரென்று வினவினால் மாத்திரம், 0 என்று சொல்லுவதற்குப் பதிலாக 3 என்று சொல்லித் தன் சக்கரத்தை வெளிப்படுத்தும். ஒரு திரையையும் சுட்டியையும் கொண்டு இரண்டு கணினிகளை ஆளும் மாற்றுப் பெட்டி இடையிலே புகுந்தால், இச்சங்கேதம் ஒரு கணினிக்கு எட்டாமற்போய்ச் சக்கரம் சுழலாது. சில வேளைகளில் சுட்டி மூன்று துண்டுகளாகச் சொல்லவேண்டியதை நான்கு துண்டுகளாகச் சொல்ல, அம்புக்குறி மூலைக்குத் தாவும்.

1996இல் யு.எஸ்.பி. என்னும் பொதுப் போர்ட்டின் முதல் விதிமுறை வெளியாயிற்று. அதனை ஆக்கிய இன்டெல் குழுவில் முன்னணியில் நின்றவர் குஜராத்தின் வதோதராவைச் சேர்ந்த அஜய் பட் என்பது இப்பிராந்தியத்தவர் நினைவுகூரத் தக்கது. இதன் தொடக்கம் அத்துணை சுகமானதாக இருக்கவில்லை. 1998 ஏப்ரல் மாதத்தில் சிக்காகோவில், பில் கேற்ஸ் மேடையில் நிற்க, ஸ்கேனர் ஒன்றை விண்டோஸ் 98 தானே இனங்காணும் விந்தையைச் சபையோருக்குக் காட்ட முனைந்தபோது கணினி நீலத்திரை காட்டி நின்றுபோனதை உலகமே பார்த்தது. எனினும் அம்முறையின் உள்ளமைப்பு மிகவும் அழகானது. கருவியொன்றைச் செருகியதும், அதனுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் தடையொன்று இரண்டு தரவுக் கம்பிகளுள் ஒன்றை மேலே இழுக்கும். எந்தக் கம்பி என்பதைக் கொண்டு அதன் வேகம் தெரியவரும். கணினி அதனை ஒரு முறை துயிலெழுப்பி, 1 முதல் 127 வரையிலான முகவரிகளுள் ஒன்றைக் கொடுத்து, அதன் விவரத்தைக் கேட்கும். அது 18 பைட் நீளமுள்ள ஒரு சிறிய வாக்குமூலத்தை அளிக்கும். உற்பத்தியாளர் இலக்கமும் பொருள் இலக்கமும் அதில் அடங்கும். அவ்விரண்டு இலக்கங்களையும் தன் ஏட்டிலே தேடிப் பொருத்தமான டிரைவரைக் கணினி அழைக்கும். முதற் காலத்தில் மனிதன் சொன்னான். இரண்டாம் காலத்தில் கணினி ஊகித்தது. இம்மூன்றாம் காலத்தில் கருவி தானே சொல்லுகின்றது.

ஆயினும் மயக்கம் ஒழிந்ததா என்றால், இல்லை; அதன் வாசல்கள்தாம் மாறின. கொமியூனிகேஷன் கடைகளில் வெப்கமரா வந்த காலத்தில், தனிப்பட்ட தொடரிலக்கம் இல்லாத மலிவுக் கருவிகளை விண்டோஸ் அவை செருகப்பட்ட துவாரத்தைக் கொண்டே நினைவிலிருத்தியது. சுத்தம் செய்யும்போது கழற்றி அடுத்த துவாரத்தில் மாட்டினால், நேற்றைய கமராவை இன்று புதியதாகக் கருதி டிரைவர் தட்டைக் கேட்கும். கடைகளின் அச்சுப்பொறிகளுக்கும் இதே கதி நேர்ந்தது: துவாரம் மாறியதும் அதே பெயருக்குப் பின்னால் கொப்பி 1 என்ற அடைமொழியோடு இரண்டாவது பொறியொன்று பட்டியலிற் தோன்ற, கணக்கு மென்பொருள் பழைய பெயருக்கே பற்றுச்சீட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் காத்திருப்பர். மறைந்திருக்கும் கருவிகளையும் காட்டும்படி பட்டியலுக்குக் கட்டளையிட்டு, மங்கிய நிறத்தில் நிற்கும் பழைய பெயர்களையெல்லாம் களைவதும், துவாரத்துக்கும் வயருக்கும் ஒரே நிறத்து நாடா ஒட்டி விடுவதும் இதற்குத் திருத்துநர் கண்ட உபாயங்கள்.

இலங்கையில் டயலொக் நிறுவனம் 2006இல் மூன்றாந் தலைமுறைச் சேவையைத் தொடங்கிய பின்னர், டொங்கிள் எனப்பட்ட சிறிய இணையக் கருவி வீடுதோறும் பரவியது. அவற்றுட் பல, வேண்டுமென்றே முதலில் தம்மை ஒரு சீ.டீ. தட்டாகக் காட்டிக்கொள்ளுமாறு செய்யப்பட்டிருந்தன. அத்தட்டிலிருந்து டிரைவர் நிறுவப்பட்டதும் கணினி ஒரு கட்டளையை அனுப்ப, கருவி தன் வேஷத்தைக் களைந்து மொடமாக மாறும். நிறுவுதல் இடையில் தடைப்பட்டாலோ, லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளம் அங்கிருந்தாலோ, அது என்றென்றும் சீ.டீ.யாகவே இருந்துவிடும். அந்த மாற்றக் கட்டளையைத் தனியாக அனுப்பும் யு.எஸ்.பி. மோட்சுவிச் என்னும் இலவச மென்பொருளைத் தெரிந்து வைத்திருந்தவர்கள், பலர் கைவிட்ட டொங்கிள்களை உயிர்ப்பித்தார்கள்.

கருவி பொய் சொல்லும் காலமும் வந்தது. தொடர் போர்ட் உடைய பழைய தராசுகளையும் பற்றுச்சீட்டுப் பொறிகளையும் புதிய கணினிகளோடு இணைக்கும் மாற்று வயர்களுள், எப்.ரி.டி.ஐ., புரோலிபிக் ஆகிய நிறுவனங்களின் சிப்புகளைப் போன்று செய்யப்பட்ட போலிகள் சந்தையெங்கும் நிறைந்தன. அவை 0403, 6001 என்றவாறு அசலின் இலக்கங்களையே தமதென்று சொல்லும். 2014இல் எப்.ரி.டி.ஐ. வெளியிட்ட டிரைவரொன்று போலிகளைக் கண்டறிந்து அவற்றின் பொருள் இலக்கத்தை 0000 ஆக மாற்றிவிட, ஒரே இரவில் அவற்றை எந்தக் கணினியும் இனங்காணாதாயிற்று. உலகெங்கும் எழுந்த ஆட்சேபத்தின் பின் அது மீளப்பெறப்பட்டது. போலி என்று அறியாமல் நல்ல விலை கொடுத்து வாங்கிய சிறு கடைக்காரரே தண்டனையை அனுபவித்தார் என்பது இதில் வருந்தத்தக்கது. திருத்துநர், அழிந்த பொருள் இலக்கத்தைப் பழையபடி எழுதி, முந்தைய டிரைவரைத் தேடிப் பூட்டி, அது தானாகப் புதுப்பிக்கப்படாதவாறு தடுத்து, கடையை அன்றைய தினம் நடத்தச் செய்தார்.

அதே 2014 ஆகஸ்டில், ஜேர்மனியின் ஆய்வாளர் கார்ஸ்டன் நோல், ஜேகொப் லெல் ஆகிய இருவரும், பென் டிரைவ் ஒன்றின் உள்ளிருக்கும் நிரலை மாற்றி, அது தன்னை விசைப்பலகையென்று அறிமுகம் செய்துகொண்டு கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வைக்கலாம் என்று காட்டினர். இது எவ்வாறு சாத்தியமாயிற்று? கருவி சொல்லுவதைக் கணினி சோதியாமல் நம்புகின்றமையாலேயே சாத்தியமாயிற்று. புடைவைக் கடையில் விலைக்குறி வாசிக்கும் பார்கோட் கருவியும் தன்னை விசைப்பலகையென்றே சொல்லிக்கொள்ளுகின்றது. அது நன்மைக்கான வேஷம். இரண்டையும் வேறுபடுத்தும் அறிவு கணினியிடம் இல்லை. அதனை வைத்திருப்பவர் மனிதரே.

இம்மூன்று காலங்களிலும் பயின்று தேறியவர்களின் செய்முறையை ஒருவாறு வரிசைப்படுத்திச் சொல்லலாம். முதலில், கருவியை வேறொரு கணினியில் மாட்டிப் பார்ப்பர். அங்கும் இனங்காணப்படாவிடின் குற்றம் கருவியிலோ வயரிலோ இருக்க வேண்டும். அடுத்து வயரை மாற்றுவர். 5 மீற்றருக்கு மேற்பட்ட வயரும், 500 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கும் கருவியும், கணினியின் பழைய துவாரத்துக்கு ஒவ்வாதவை என்பதை அவர்கள் அறிவர். மூன்றாவதாகத் தொடுமுனைகளை நோக்குவர். கடலோரமான வெள்ளவத்தையில் இது அற்ப விஷயமன்று. மரீன் டிரைவ் பக்கத்து மாடிகளில் உப்புக் காற்று பட்டுப் பட்டு, போர்ட்டுகளின் உட்தகடுகள் பச்சை பூத்துவிடும். பொன்முலாம் பூசிய அட்டை விளிம்புகளைப் பாடசாலை இறேசரால் மெல்ல உரசி, துணியால் துடைத்து மீண்டும் மாட்டும் காட்சி, இவ்வீதியின் எந்தத் திருத்தகத்திலும் காணக்கூடியது. விவரம் பெறமுடியவில்லை என்று விண்டோஸ் காட்டும் 43ஆம் இலக்கப் பிழைக்குப் பல தடவை இவ்வளவே மருந்து. இவை யாவும் கடந்த பின்னரே, கருவியின் பெயரைப் பாராமல் அதன் இலக்கங்களை வாசித்து, அவ்விலக்கங்களுக்குரிய டிரைவரை உற்பத்தியாளரிடமிருந்தே பெற்று, பழையதை வேரோடு நீக்கிப் புதியதைப் பதிப்பர். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே எழுதியிருக்கும் இலக்கமே சாட்சியாகும் என்பது அவர்களது சித்தாந்தம்.

இன்று பம்பலப்பிட்டியின் யுனிட்டி பிளாசா போன்ற கட்டடங்களில் கணினி வியாபாரம் பெருகியிருப்பினும், திறந்து திருத்தும் வித்தை அருகி வருகின்றது. கையடக்கத் தொலைபேசிகள் பலருக்குக் கணினியின் வேலையைச் செய்கின்றன. மடிக்கணினிகள் திறக்க இயலாதவாறு ஒட்டப்படுகின்றன. திருத்துவதைப் பார்க்கிலும் புதியது வாங்குவது இலகுவென்ற எண்ணம் வேரூன்றுகின்றது. பொருள் மலிவாகிவிட்டமையால் இதனை இயல்பென்று விட்டுவிடலாகாது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிகள் முடங்கிய நாட்களில், இருப்பதைத் திருத்தி வைத்துக்கொள்ளும் அறிவு எத்தகைய செல்வமென்பதை இத்தீவு கண்டறிந்தது.

இத்தொழிலுக்குப் பாடநூல் இல்லை. இருந்தவை பயிற்சிப் புத்தகங்களும், காகிதத் துண்டுகளும், ஒருவர் மற்றவருக்குச் சொன்ன வாய்மொழியும் மாத்திரமே. வெள்ளவத்தையிலே நிலைபெற்றுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கமும், 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கிக் காத்துவரும் நூலகம் நிறுவனமும், கவிதைகளையும் மலர்களையும் பேணுகின்ற அதே அக்கறையோடு இத்தொழிலாளரின் குறிப்பேடுகளையும் தேடிச் சேகரிக்க வேண்டும். மூத்த திருத்துநர்களை அமர்த்தி, அவர்கள் கண்ட நோய்களையும் கொடுத்த மருந்துகளையும் தமிழிலேயே சொல்லச் செய்து பதிவு செய்தல் வேண்டும். யந்திரம் தவறாக எண்ணும் என்பதையும், அந்தத் தவற்றை நிதானமாகச் சோதித்துத் திருத்தலாம் என்பதையும் வரும் தலைமுறைக்குக் கற்பிக்க, இதனினும் சிறந்த பாடம் நம்மிடம் வேறில்லை. அதனைக் கற்பிக்க வல்லவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். இக்காரியத்தைத் தாமதியாது தொடங்குவது நமது கடமை.